கிழக்கே வைத்த சுவர்

எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பெண்கள் இரண்டு பேரும் கட்டிக் கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறார்கள். கடைசி மகனோடு நான் துடியலூரில் இருக்கிறேன். இப்போது நான்காவதாக அவன் மகளை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். பெற்றவள் போய்விட்டாள், அதனால் அந்த வேலை மறுபடியும் என் கைக்கு வந்தது.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைக் கூட்டிப் படித்துவிடுவேன். அதற்கு மேல் எழுத்தோடு எனக்குப் பழக்கமில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி. நான் பேசுகிற மாதிரி எழுதினால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்களாம், திருத்தித்தான் எழுதுவாளாம். திருத்தட்டும். ஆட்கள் பேசிய பேச்சை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். அவரவர் வாயில் வந்தது அப்படியே இருக்க வேண்டும்.

சொல்ல வந்தது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அடுப்பைப் பற்றி.

எங்கள் பக்கத்தில் கறி சமைப்பது எப்போதும் வீட்டுக்கு வெளியேதான். கோழியோ ஆடோ எதுவாக இருந்தாலும் பொடக்காளியில் மூன்று கல்லைக் கூட்டி அங்கேயே ஆக்கி, அங்கேயே தின்று, சட்டியைக் கழுவி மதில்மேல் கவிழ்த்துவிட வேண்டும். பொடக்காளி என்றால் வீட்டின் பின்கட்டு வெளி. துணி துவைக்கிற கல்லும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற இடம். கறிச்சட்டி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. என் மாமியார் வீட்டிலும் அப்படித்தான், என்னைப் பெற்ற காங்கேயத்துப் பக்கத்திலும் அப்படித்தான். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு நாள்கூட அந்தச் சட்டி உள்ளே வந்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

என் மகன் கட்டிக்கொண்டு வந்த பெண் நாகப்பட்டினத்துப் பக்கத்தவள். கடல் தெரிகிற வீட்டில் பிறந்தவள். அவனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டது. உறவுக்காரர்கள் என்னென்னவோ பேசினார்கள். நான் பேசவில்லை. வந்தவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், கறிச்சட்டி உள்ளே வராது என்று. அவள் முகம் சுண்டிப்போகும் என்று நினைத்தேன். அவளோ, "அப்ப வெளிய எனக்குத் தனி ராஜ்ஜியம்னு சொல்லுங்க அத்தை" என்றாள்.

பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் சொன்னபடியே ராஜ்ஜியம் அமைத்தாள். நான் என் பிறந்த ஊர் மாரியம்மன் நோம்பிக்கு, அதுதான் திருவிழாவுக்கு, போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பொடக்காளி எனக்கே அடையாளம் தெரியவில்லை. மூன்று கல் இருந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி, அதில் மண் பூசிய இரட்டை அடுப்பு. நான்கு கால் நட்டு மேலே தென்னந்தடுக்கு வேய்ந்த பந்தல். தடுக்கு என்று நாங்கள் சொல்வதை அவள் கீற்று என்பாள். கீழே சிமெண்டு போடவில்லை. ஒரு வண்டி ஆற்று மணல் இறக்கிப் பரப்பியிருந்தாள். சிமெண்டுத் தரை வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு பொழுது போனபின் கக்கும், மணலில் தண்ணீர் தெளித்தால் கால் குளிரும், அவர்கள் ஊரில் அப்படித்தான் என்று சொன்னாள். பந்தல் காலுக்குக் காலாகப் பீர்க்கையும் அவரையும் ஏற்றிவிட்டிருந்தாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற வழியில் வாழைக்கன்று. செடிகளுக்கு நடுவில் மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடியிருந்தாள். பானை தானாகக் கசிந்து வேருக்குக் கொடுக்குமாம். எங்கள் செம்மண்ணில் அந்த வருஷம் கத்தரி காய்த்ததுபோல அதற்கு முன் காய்த்து நான் பார்த்ததில்லை. நல்லதை நல்லது என்று சொல்லத்தானே வேண்டும்.

சுவர் ஒன்றுதான் தப்பாகப் போனது.

அடுப்புக்குக் காற்று அடிக்காமல் இருக்க அவள் கிழக்கே சுவர் எழுப்பியிருந்தாள். ஆள் உயரம், பூச்சு வேலையும் முடிந்திருந்தது. மேற்குப் பக்கத்தைத் திறந்து விட்டிருந்தாள். நான் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, இது எதற்கு இங்கே என்று கேட்டேன். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும், அதை மறைக்கத்தான் என்றாள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த அடுப்புக்கெல்லாம் கிழக்கேதான் மறைப்பு. கை தானாக அங்கே சுவர் வைத்துவிட்டது.

"கடலு எங்க கெடக்குது, நீ எங்க இருக்கற அம்மணி?" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இடிக்கவில்லை. அவளுக்கும் ரோஷம் உண்டு. காற்று எங்கிருந்து வந்தாலும் ஒரு சுவர் இருப்பது நல்லதுதானே என்று அடித்துப் பேசிவிட்டாள். என் மகனும் அவள் பக்கம். வைகாசி முடியட்டும், பாலக்காட்டுக் காற்றே வந்து சொல்லிக் கொடுக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனியில் காற்று வந்தது. எங்கள் ஊரில் அது கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். வந்தால் ஆவணி வரைக்கும் கதவு ஜன்னல் ஒன்றும் சும்மா இருக்காது. திறந்து கிடந்த மேற்குப் பக்கமாக நுழைந்து, கிழக்குச் சுவரில் மோதி, திரும்பி அடுப்புக்குள் புகுந்தது. சாம்பல் அத்தனையும் மீன்குழம்பில். பந்தலில் இருந்து இரண்டு தடுக்கு பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் விழுந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் அத்தை, உங்க ஊர்ல காத்துகூட எதிர்ப்பக்கமாத்தான் அடிக்குமா?"

நான் அன்றைக்குச் சிரித்த மாதிரி என் வீட்டுக்காரர் இறந்தபின் சிரித்ததில்லை.

அந்தப் புரட்டாசியில் நான் காங்கேயம் போய், எங்கள் அண்ணன் காட்டு வேலியில் கிளுவைக் குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டாகக் கட்டிப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். கிளுவை எங்கள் காடுகளுக்கு வேலியாக நிற்கிற மரம். குச்சியை ஊன்றினால் போதும், தளிர்த்துக்கொள்ளும். கண்டக்டர் முணுமுணுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொடக்காளியின் மேற்குப் பக்கம் முழுக்க நானும் அவளும் நெருக்கமாக ஊன்றினோம். நான் குழி போட, அவள் குச்சியைப் பிடித்துக்கொண்டு மண்ணை மிதித்தாள். எத்தனை நாளில் காற்றை மறைக்கும் என்று கேட்டாள். மூன்று வருஷம் பொறுக்க வேண்டும் என்றேன். அதுவரைக்கும் சாம்பல் குழம்புதான் என்று சொல்லிக்கொண்டே மிதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் உக்கடம் போய் மீன் வாங்கி வருவாள். இரண்டு பஸ் மாறி வந்து, பையைத் திறந்து மோந்து பார்த்து, இது ஐஸில் குளித்த மீன் என்று குறை சொல்லிக்கொண்டே கழுவுவாள். சமைக்கப் போகுமுன் கையால் அள்ளி அள்ளி மணலில் தண்ணீர் தெளிப்பாள். வீசித் தெளிப்பாள். பிறை பிறையாக ஈரம் படியும். பேத்தி அந்த ஈரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். என் மகன் கம்பெனியில் இருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மணலில் நிற்பான். மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி, நாள் முழுக்க இரும்புச் சூடு. கொஞ்ச நேரம் நின்றால்தான் அவனுக்கு முகம் தெளியும். நான் மீன் தின்னமாட்டேன். ஆனால் நாற்காலியைப் போட்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது ஆனியில் வேலி என் மார்புக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் அடைய வேண்டியிருந்தது. அந்த மாசக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரைக்குத் தணிந்து மறுபடி ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நடந்துதான் போனாள். வருவதற்குள் வெண்டைக்காய் முற்றிவிடும், பறித்துவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது வாசலில் நாற்காலி போட்டு ஊர் ஜனம் உட்கார்ந்திருந்தது.

அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு முடியாது. எழுதுகிற கையும் நின்றுவிட்டது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும்.

காரியம் முடிந்த பிறகு என் மகன் பொடக்காளிக் கதவைச் சாத்தினான். வருஷம் கழியட்டும், அடுப்பு, பந்தல், சுவர் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டுக் கார் நிறுத்த ஷெட் போட்டுவிடலாம் என்றான். கத்திப் பேசவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னான். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி, அவன் துக்கம். ஆனால் அந்த அடுப்பு போனால் அவளுக்கு இந்த ஊரில் நிற்க ஓர் இடம் இல்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் அவள் போட்டோ மாட்டியிருந்தோம். உள்ளே அவள் இருந்தது எவ்வளவு நேரம்? படுக்க வருவாள், அவ்வளவுதான்.

செடிகள் காய்ந்தன. புதைத்த பானைகளில் மட்டும் நான் தண்ணீர் ஊற்றிவந்தேன்.

தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் ஒரு நாள் மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்து பின்பக்கம் போனேன். மணல் ஈரமாக இருந்தது.

மழை இல்லை. குழாய் மூடியிருந்தது. பேத்தி பள்ளிக்கூடத்தில். மகன் காலையிலேயே சோற்றுத் தூக்குப்போசியைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டான். நான் குனிந்து பார்த்தேன். பிறை பிறையாக ஈரம். கையால் வீசித் தெளித்தது.

நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பு மேடையில் அவள் கொட்டாங்குச்சி அகப்பை தொங்கிக்கொண்டிருந்தது, காற்றில்லாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது அதுதான். அதற்கு யார் என்ன காரணம் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் வெயில் மணலைக் காயவைத்துவிட்டது. பேத்தி வரும்போது ஒன்றும் இல்லை.

பிறகு அது அடிக்கடி நடந்தது. தினமும் இல்லை. சில நாள் எழுந்து பார்த்தால் காய்ந்து கிடக்கும். எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருக்கும். சில நாள் ஈரமாக இருக்கும், பயமாக இருக்கும். இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் தாங்க முடியாமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாய்விட்டேன். அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"அக்கா, ஆசையோட கட்டுனது பாருங்க. சமைச்ச எடத்துலயேதான் நிப்பாங்க. தம்பி சொல்ற மாதிரி இடிச்சுப்போடுங்க. சின்னப் புள்ள இருக்கற ஊடுங்க."

"நின்னா நிக்கட்டுமுங்க. அவ எடந்தானே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தைரியமாகத்தான் சொன்னேன். வீட்டுக்குள் வந்ததும் பின்கதவுக்குத் தாழ் போட்டேன். ஆனாலும் மறுநாளிலிருந்து சாப்பிட்டதும் படுக்கப் போகுமுன் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சொம்பும் பொடக்காளியில் வைத்துவிட்டுப் போனேன். தெளிக்கிறவள் தண்ணீர் தேட வேண்டாமே.

குடம் குறைந்தது.

இப்படியே மாசி, பங்குனி போனது. சித்திரையில் ஒரு நாள் சாப்பிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில் கரண்டு போய்விட்டது. ஃபேன் இல்லாமல் எனக்குக் கண் அடையவில்லை. முகம் கழுவலாம் என்று சமையலறைக்குப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மணலில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தது.

என் மகன்தான்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். பேண்டை முழங்கால்வரை மடித்திருந்தான். சொம்பில் தண்ணீர் மொண்டு, கையில் ஊற்றி, வீசி வீசித் தெளித்துக்கொண்டிருந்தான். அவள் வீசுகிற அதே வீச்சு. ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து, தெளித்த இடத்தை மிதிக்காமல் தெளித்தான். முடித்துவிட்டு அடுப்பின் முன்னால் நின்றான். ஒன்றும் செய்யவில்லை. நின்றான். வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டுச் சந்து வழியாக வந்திருக்கிறான், எனக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று. சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிப் போக வேண்டும். போசியில் கட்டிக் கொடுத்த சோற்றை அவன் எந்த நேரத்தில் தின்றான் என்று எனக்குத் தெரியாது.

பேயைப் பார்த்திருந்தால்கூட நான் அவ்வளவு கலங்கியிருக்கமாட்டேன்.

மெல்லக் கதவைத் திறந்தேன். அவன் திரும்பினான். திருட்டுத்தனம் பிடிபட்ட சின்னப் பையன் முகம். சொம்பைப் பின்னால் மறைத்தான், நாற்பது வயது ஆள்.

"ஏஞ்சாமி, நீதானா?" என்றேன். "நான் அவதான்னு நெனச்சு குடத்துல தண்ணி வெச்சுட்டு இருந்தேன்."

அவன் சொம்பைக் குடத்துமேல் வைத்தான். "நான் நீங்க வெக்கறீங்கன்னே நெனைக்கலீங்கம்மா" என்றான். "அவதான் வெச்சிருக்கான்னு..."

நான் அவளுக்கென்று வைத்த தண்ணீரை, அவள் வைத்தது என்று நினைத்து இவன் தெளித்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

பிறகு கேட்டேன், இவ்வளவு ஆசை வைத்திருக்கிறவன் எதற்கு இடிக்க வேண்டும் என்கிறாய் என்று.

"இடிச்சாத்தானுங்கம்மா நான் வாரதை நிறுத்துவேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை வாட்டியது. அடுப்பு நின்றால் அவளுக்கு இடம் இருக்கும். ஆனால் என் மகன் வேகாத வெயிலில் காய்ந்த மணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கிழவனாகிவிடுவான். அடுப்பு போனால் இவன் பிழைப்பான். அவள் எங்கே போவாள்? பேத்திக்குத் தாய் சமைத்த இடம் என்று காட்ட எது இருக்கும்? வைகாசி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, என் புத்திக்கு எட்டியது இவ்வளவுதான்: அடுப்பு எரியாமல் கிடப்பதால்தான் அவனுக்கு அங்கே நிற்கத் தோன்றுகிறது. எரிகிற அடுப்பின் முன்னால் யாரும் சும்மா நிற்கமாட்டார்கள். விறகு தள்ளச் சொல்வார்கள், உப்புப் பார்க்கச் சொல்வார்கள்.

ஆனிக் கடைசியில் வருஷத் திதி வந்தது. காலையில் செய்ய வேண்டியதைச் செய்தோம். மத்தியானம் படையல். அவளுக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிட வேண்டும். அவளுக்குப் பிடித்தது மீன்குழம்பு. அது உள்ளே வராது. வடை, பாயசம் போதும் என்று வந்திருந்த உறவில் சிலர் சொன்னார்கள். வடைக்கு அவள் வருவாளா?

நான் உள்ளே போய் அவள் போட்டோவை ஆணியிலிருந்து கழற்றினேன். மாலையோடு தூக்கிக்கொண்டு வந்து பொடக்காளியில் நாற்காலியில் வைத்தேன். படத்தை வெளியே கொண்டுபோவது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். யாரோ வாயெடுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். வாய் மூடிக்கொண்டது.

பேத்தியும் நானும் உக்கடம் போய் மீன் வாங்கி வைத்திருந்தோம். மதில்மேல் கவிழ்த்திருந்த சட்டியை ஒரு வருஷம் கழித்து நிமிர்த்தினேன். வாழ்க்கையில் மீனைத் தொட்டுக் கழுவியது அன்றுதான். புளி எவ்வளவு, எண்ணெய் எப்போது என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து பார்த்தது நினைவிருந்தது, அதை வைத்துச் செய்தேன். மகன் ஓரத்தில் நின்றான். இடிப்பதற்கென்று முதல் நாளே வாங்கிவந்த கடப்பாரை கிழக்குச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. எல்லோர் கண்ணிலும் அது பட்டது.

"சும்மா நிக்காத கண்ணு, அடுப்பப் பத்த வை" என்றேன்.

அவன் குனிந்து பற்ற வைத்தான். வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. தெருவில் தென்னை வளைந்தது. வழக்கப்படி தீ படுத்துக்கொண்டு சாம்பலை வாரி இறைக்கும் என்று நான் சட்டியை மூடத் தட்டத்தோடு நின்றேன். தீ படுக்கவில்லை. நேராக எரிந்தது. மேற்கே கிளுவை ஆள் உயரத்துக்கு அடைந்து நின்று அத்தனை காற்றையும் வாங்கிக்கொண்டது. ஓர் ஓரத்தில் மட்டும், பட்டுப்போன குச்சி இருந்த சந்தில், கொஞ்சம் காற்று நுழைந்து அகப்பையை ஆட்டியது.

என் மகன் அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதைப் பாக்கோணும்னுதானுங்கம்மா சொல்லிட்டே இருந்தா" என்றான். பிறகு விறகைத் தள்ளினான். உப்புப் பார்த்தான். கொஞ்சம் தூக்கல் என்றான்.

படையல் போட்டுக் கும்பிட்டோம். எல்லோரும் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும் ஒரு துண்டு மீன் தின்றேன். பிடிக்கவில்லை. அவளுக்காக முழுங்கினேன்.

உறவுகள் கிளம்பிப் போனபின் மகன் எழுந்து கடப்பாரையை எடுத்தான். நான் தடுக்கவில்லை. தடுக்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அவன் அடுப்பைத் தாண்டி நடந்து, வேலியில் பட்டுப்போன குச்சி இருந்த சந்தில் போய் நின்று குழி போட ஆரம்பித்தான். காங்கேயத்திலிருந்து இன்னும் நாலு குச்சி வேண்டும் என்றான். நானே போய்க் கொண்டுவருகிறேன் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பு எரிகிறது. கிழக்குச் சுவர் ஒன்றுக்கும் ஆகாமல் அப்படியே நிற்கிறது. அதில் பேத்தி பாகல் ஏற்றியிருக்கிறாள். மகன் மத்தியானத்தில் வருவதில்லை. கம்பெனியிலேயே சாப்பிடுகிறான், போசி காலியாக வருகிறது, நான் பார்க்கிறேன். குடம் வைப்பதையும் நிறுத்திவிட்டேன்.

போன வாரம் அவன் கம்பெனி வேலையாக வெளியூர் போயிருந்தான். பேத்தி பள்ளிக்கூடத்தில். தூங்கி எழுந்து பின்பக்கம் போனேன். மணல் ஈரமாக இருந்தது, பிறை பிறையாக. சாயங்காலம் பேத்தியிடம் நீயா என்று கேட்டேன். "நான் இல்லீங்க அப்பத்தா" என்றாள். மகன் வந்ததும் அவனிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை எனக்குப் பயமாகவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அதில் நின்றேன். கால் குளிர்ந்தது.

அவ்வளவுதான். எழுதினது போதும், பேனாவை மூடு அம்மணி. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பொடக்காளிக்கு வா, அங்கே உட்கார்ந்து முதலிலிருந்து படித்துக் காட்டு. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி படிக்காதே. அடுப்பு வரைக்கும் கேட்க வேண்டும்.